அட்டைப்பெட்டி ஏன் நசுங்குகிறது?

(இரண்டாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மன்றத்தில் கேட்டபோது ராக்கெட் பற்றி எழுது, ரோபோ பற்றி எழுது என்று ஆளுக்கொரு தலைப்பு சொன்னார்கள். நான் அட்டைப்பெட்டியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் கேன்டீனில் ஒரே சிரிப்பு. சிரித்தவர்களும் படிக்கலாம். எஸ்.ஓ.எம். பேப்பரில் நாம் மனப்பாடம் செய்கிற விஷயம்தான் இதில் முக்கால்வாசி.

எங்கள் வீட்டுக்குச் சோறு போடுவதே அட்டைப்பெட்டிதான். அம்மாவுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பெட்டி கம்பெனியில் பேஸ்டிங் வேலை. அப்பா லாரி புக்கிங் ஆபீஸில் லோடுமேன். அம்மா ஐந்தாவது வரை படித்தவர். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். பாலிடெக்னிக் வாசலை மிதித்தது எங்கள் சொந்தத்திலேயே நான்தான் முதல். அதனால் வீட்டில் எது கெட்டுப் போனாலும், ஃபேன் ஓடவில்லை என்றாலும் குக்கர் விசில் வரவில்லை என்றாலும், "தம்பி படிக்கிறான் இல்ல, அவன் பாப்பான்" என்று என்னிடம் வந்துவிடும்.

அப்படித்தான் ஒருநாள் ஒரு நசுங்கிய பெட்டியும் வந்தது.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை. அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எஸ்டேட்டில் பல தெருக்களில் தண்ணீர் வடியவே நாளாயிற்று. வடிந்த பிறகு பத்து நாள் கழித்து, அம்மா கம்பெனியில் பெட்டி வாங்குகிற ஒரு பார்ட்டியின் குடோனில், சரக்கு நிரப்பி அடுக்கி வைத்திருந்த பெட்டிகள் சரிந்து விழுந்தன. சாப்பாட்டு நேரம் என்பதால் பக்கத்தில் ஆள் இல்லை. இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன். சரக்கு சேதம், புகார், போன் மேல் போன். கடைசியில் பழி வந்து விழுந்தது பேஸ்டிங் செக்‌ஷனில். பசையில் தண்ணி ஜாஸ்தி ஆயிடுச்சு, பொம்பளைங்க கவனிக்கலை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மூன்று பேருக்கு ஆளுக்கு 900 ரூபாய் பிடித்தம். அதில் அம்மாவும் ஒருவர்.

கம்பெனி பெயர் வேண்டாம். அம்மா இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்.

அன்று ராத்திரி அம்மா, திரும்பி வந்த பெட்டிகளில் ஒன்றைத் தட்டையாக மடித்துக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். "நீ இதெல்லாம் படிக்கிற இல்ல? பாத்துச் சொல்லு. தப்பு எங்களுதா?" என்றார். பரீட்சையில்கூட எனக்கு அப்படி வயிற்றைக் கலக்கியது இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

உங்கள் டிராயிங் கிட்டில் இருக்கிற பிளாஸ்டிக் ஸ்கேலை மேஜைமேல் நெட்டாக நிறுத்தி மேலிருந்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ஒரு அளவு வரை நேராக நிற்கும். அதற்குமேல் ஒரு பொட்டு அழுத்தம் கூடினாலும் சட்டென்று வில்லாக வளையும். ஸ்கேல் உடையவில்லை, நசுங்கவில்லை. கையை எடுத்தால் பழையபடி நேராகிவிடும். இதுதான் பக்ளிங். இதற்கு 1744-ல் ஆய்லர் கணக்குப் போட்டுவிட்டார். பை ஸ்கொயர் ஈ ஐ பை எல் ஸ்கொயர் என்று நாம் எழுதுகிறோமே, அதுதான். அந்த ஃபார்முலாவை நன்றாகப் பாருங்கள். பொருள் எவ்வளவு பளு தாங்கி உடையும் என்பது அதில் எங்கேயும் இல்லை. பொருளின் விறைப்பு இருக்கிறது, குறுக்குவெட்டின் வடிவம் இருக்கிறது, நீளம் இருக்கிறது. நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் பளு நாலில் ஒரு பங்காகிவிடும். இந்த நாலில் ஒரு பங்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

இப்போது ஒரு ஸ்கேலுக்குப் பதிலாகப் பத்து மெல்லிய அட்டைகளைச் சேர்த்துப் பிடிப்போம். பசை இல்லாமல் சும்மா அடுக்கினால் பத்தும் தனித்தனியாக வளையும். லாங் சைஸ் நோட்டை வளைத்தால் ஓரத்தில் தாள்கள் படிக்கட்டு மாதிரி நழுவி நிற்கும், பார்த்திருப்பீர்கள். அந்த நழுவல்தான் பிரச்சினை. நழுவினால் பத்து அட்டையின் விறைப்பு ஒரு அட்டையைப் போல வெறும் பத்து மடங்கு. நழுவாமல் பசை போட்டு ஒட்டிவிட்டால் தடிமன் பத்து மடங்கு, ஐ என்பது தடிமனின் கனத்தில் போகிறது என்பதால் விறைப்பு ஆயிரம் மடங்கு. அதே பத்து அட்டை, அதே எடை. நூறு மடங்கு வித்தியாசம் பசையால் வந்தது. ஐ என்றால் என்ன என்று முதல் தடவையாக எனக்குப் புரிந்தது இந்தக் கணக்கைப் போட்டபோதுதான். அதற்குமுன் பி டி கியூப் பை டுவெல் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

அட்டைப்பெட்டி இதற்கும் ஒருபடி மேலே போகிறது. பெட்டியின் ஓரத்தை பிளேடால் வெட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் தட்டையான கிராஃப்ட் பேப்பர், நடுவில் அலை அலையாக ஒரு பேப்பர். அலைக்கு ஃப்ளூட் என்று பெயர். இது த்ரீ ப்ளை. இன்னொரு அலையும் இன்னொரு தட்டைத் தாளும் சேர்ந்தால் ஃபைவ் ப்ளை. இன்ஜின் பார்ட்ஸ் மாதிரி கனமான சரக்குக்கு செவன் ப்ளைகூட உண்டு. கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தாளை நேராக ஒட்டினால் கிடைக்கிற விறைப்பைவிட, அதே இரண்டு தாளை நாலு மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தினால் இருநூறு மடங்குக்குமேல் கிடைக்கும். நடுவில் இருப்பது பெரும்பாலும் காற்று. ஐ பீமின் நடுத்தகடு செய்கிற வேலையை இங்கே அலை செய்கிறது. இரண்டு தாளையும் விலகாமல், நெருங்காமல், நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் 1856-ல் இங்கிலாந்தில் ஹீலி, ஆலன் என்ற இரண்டு பேர் அலைத்தாளுக்குக் காப்புரிமை வாங்கியது பெட்டிக்காக இல்லை, உயரமான தொப்பிக்கு உள்ளே வைக்க! 1871-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர்தான் பாட்டிலையும் விளக்குக் கண்ணாடியையும் சுற்றி அனுப்ப இதைப் பயன்படுத்தினார்.

அம்மா கம்பெனி மாதிரி செமி ஆட்டோமேட்டிக் யூனிட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பல் வைத்த இரண்டு சூடான ரோலருக்கு நடுவே பேப்பர் போய் அலையாகி வரும். அலையின் உச்சியில் பசை தடவி ஒரு பக்கம் தாள் ஒட்டிவிடும். அது மெஷின் வேலை. மறுபக்கத் தாளை ஒட்டுவதுதான் பேஸ்டிங் செக்‌ஷன். ரோலரில் ஷீட்டை விட்டால் அலை உச்சிகளில் பசை ஏறி வரும். அதன்மேல் தட்டைத் தாளை ஓரம் பிசகாமல் வைத்து, அடுக்கி, பிரஸ்ஸில் அழுத்தணும். பசை என்பது ஸ்டார்ச் கஞ்சி. மக்காச்சோளம் அல்லது மரவள்ளி மாவு, அதோடு காஸ்டிக் சோடா, போராக்ஸ். பூஞ்சை வராமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போடுவதும் உண்டு. நம்ம சேலம், ஆத்தூர் பக்கத்துக் கிழங்குதான் அம்பத்தூரில் பெட்டியாகி நிற்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அம்மாவின் விரல் நுனி எப்போதும் வெளுத்து, தோல் உரிந்தே இருக்கும். சின்ன வயதில் அது அம்மாவின் கையே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

பசை கோடு கோடாகத்தான் இருக்கிறது, ஒவ்வொரு அலை உச்சியிலும் ஒரு கோடு. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு எட்டு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த எட்டு மில்லிமீட்டர் தாள் ஒரு குட்டித் தூண் போல. நடுவில் ஒரே ஒரு கோடு ஒட்டாமல் விட்டுப்போனால் அது பதினாறு மில்லிமீட்டராகிவிடும். நீளம் இரண்டு மடங்கு. ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, அந்த நாலில் ஒரு பங்கு இங்கே வருகிறது. அந்த இடத்தில் தாள் அலையை விட்டு எழும்பி உப்புவதற்கு முன்பு ஆன அழுத்தத்தில் கால்வாசியே போதும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அழுத்தும்போதுதான் தெரியும்.

இது அட்டைக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. 2001 ஜனவரி 4-ம் தேதி பெங்களூரில் முதல் தடவை பறந்த நம்ம தேஜஸ் விமானத்தின் உடலில் எடைக்கணக்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு கார்பன் நார் காம்போசிட். மெல்லிய நார்த் தாள்களை ரெசினில் ஒட்டி அடுக்கிச் செய்வது. இந்த வகைப் பொருளில் ஒரு ஸ்பேனர் கைதவறி விழுந்தால்கூட மேலே கீறல் இல்லாமல் உள்ளே இரண்டு அடுக்கு பிரிந்துவிடலாம். இழுவிசை வந்தால் அது பெரிய விஷயமில்லை. அழுத்துவிசை வந்தால் பிரிந்த மெல்லிய அடுக்கு தனியாக உப்பும், உப்பி இன்னும் பிரியும், மற்ற அடுக்குகள்மேல் பாரம் ஏறும். அதனால்தான் கண்ணால் பார்ப்பதோடு விடாமல் அல்ட்ராசோனிக் வைத்துத் தேடுகிறார்கள். விமானத்துக்கும் அம்மாவின் ஷீட்டுக்கும் கணக்கு ஒன்றே.

இனி முழுப் பெட்டி. மேலே பாரம் ஏற ஏற, பெட்டியின் நாலு பக்கச் சுவர்களும் லேசாக வெளியே உப்பும். ஸ்கேல் மாதிரி உடனே விழுந்துவிடாது, ஏனென்றால் சுவரின் இரண்டு ஓரத்திலும் மூலை இருக்கிறது, மூலை வளைய விடாது. உப்பிய நடுப்பகுதி, "இனிமேல் என்னால் முடியாது" என்று கையை விரித்துவிடும். பாரம் மூலைகளுக்குப் போகும். மெல்லிய தகடுகள் இப்படித்தான் நடக்கின்றன என்று ஃபான் கார்மன் 1932-ல் காட்டியிருக்கிறார். பெட்டியில் மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மூலைகளும் அவற்றை ஒட்டிய பகுதியும்தான் சுமக்கின்றன. கடைசியில் மூலைக்குப் பக்கத்தில், உப்பலின் உள்பக்கத் தாளில், அலைக்கும் அலைக்கும் நடுவே சின்னச் சின்னச் சுருக்கம் விழும். சுருக்கம் சேர்ந்து ஒரு மடிப்பாகும். மடிப்பு விழுந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிடும்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியமே படவில்லை. "மூலைமேல மூலை வைக்கணும்னு மேஸ்திரி மொத நாளே சொல்லிக் குடுத்தாரு. நடுவுல என்னா கீது, காத்துதான்" என்றார். செங்கல் கட்டுவது மாதிரி மாற்றி மாற்றி அடுக்கினால் அடுக்கு சாயாது, ஆனால் ஒரு பெட்டியின் மூலை இன்னொரு பெட்டியின் நடுச்சுவரில் உட்கார்ந்துவிடும். அப்படி அடுக்கினால் தாங்கும் சக்தியில் பாதி வரை போய்விடும். நேராக அடுக்கியும் விரற்கடை பிசகினாலே மூன்றில் ஒரு பங்கு வரை குறையலாம்.

அடுத்தது ஈரம். பேப்பர் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நார்களுக்கு இடையே உள்ள பிடிப்பு தளரும். நம் நாட்டில் பேப்பரையும் பெட்டியையும் சோதிக்கும்போது 27 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் வைத்துச் சோதிப்பது வழக்கம். புயல் முடிந்த வாரத்தில் ஜன்னல் இல்லாத குடோனில் ஈரப்பதம் தொண்ணூறைத் தொட்டால் பெட்டியின் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். பார்த்தால் பெட்டி நனைந்திருக்காது, தொட்டால்கூட காய்ந்த மாதிரிதான் இருக்கும். இதுபோக, பாரத்தோடு நாள்கணக்கில் நிற்கிற பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டே போகும். டெஸ்ட் மெஷின் சில நிமிடத்தில் நசுக்கிப் பார்த்துச் சொல்கிற கிலோவை மூன்று மாதம் நிற்கிற அடுக்கிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். 1963-ல் அமெரிக்காவில் மெக்கீ என்பவரும் இரண்டு நண்பர்களும் பெட்டியின் தாங்குசக்திக்கு ஒரு சுருக்கமான வழி கொடுத்தார்கள். அட்டையின் விளிம்பு நசுங்கும் வலிமை, அட்டைத் தடிமன், பெட்டியின் சுற்றளவு, இந்த மூன்றும் போதும். தடிமனையும் சுற்றளவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, விளிம்பு வலிமையால் பெருக்கி, 5.87-ஆல் பெருக்க வேண்டும். அம்மா கொண்டுவந்த பெட்டி த்ரீ ப்ளை. சுற்றளவு 1400 மில்லிமீட்டர், தடிமன் 4. விளிம்பு வலிமையை அளக்க என்னிடம் மெஷின் இல்லை. மில்லிமீட்டருக்கு 4 நியூட்டன் என்று எடுத்துக்கொண்டேன். கணக்கு 1750 நியூட்டன் சொச்சம் வந்தது, அதாவது கிட்டத்தட்ட 180 கிலோ.

நிரம்பிய பெட்டி ஒன்று 12 கிலோ. அந்தக் குடோனில் வழக்கமாக ஐந்து பெட்டி உயரம் அடுக்குவார்கள். அடிப்பெட்டிமேல் நாலு பெட்டி, 48 கிலோ. கிட்டத்தட்ட நாலு மடங்கு தாராளம். ஆனால் புயலுக்குப் பிறகு தாழ்வான பாதியில் தண்ணீர் நின்றதால் எல்லாவற்றையும் மேட்டுப் பக்கம் கொண்டுவந்து எட்டு உயரம் அடுக்கிவிட்டார்கள். இது டெலிவரிக்குப் போன வண்டி டிரைவர் அம்மாவிடம் சொன்னது. ஏழு பெட்டி, 84 கிலோ. ஈரத்தால் 180 பாதியாகி 90. அடுக்கு கொஞ்சம் பிசகியிருந்தால் அதிலும் மூன்றில் ஒரு பங்கு போய் 60. அறுபது கிலோ தாங்குகிற பெட்டிமேல் எண்பத்துநாலு கிலோ. பசையைப் பற்றி இன்னும் பேச்சே எடுக்கவில்லை, அதற்குள் பெட்டி விழுந்தாயிற்று.

நான் துள்ளிக் குதித்து, "உங்க தப்பு இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா சந்தோஷப்படவில்லை. "அப்போ எல்லாம் விழுந்திருக்கணுமே? நாப்பது அடுக்குல மூணுதானே விழுந்துச்சி?" என்றார்.

நண்பர்களே, ஐந்தாவது படித்தவர் கேட்ட இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஈரம், ஒரே உயரம். அந்த மூன்று மட்டும் ஏன்?

பெட்டியைத் தண்ணீரில் நனைக்காமல், காய்ந்த நிலையிலேயே தாளை மெதுவாக உரித்துப் பார்த்தேன். நன்றாக ஒட்டியிருந்தால் பேப்பர் நார் கிழிந்து வரும், பசைக்கோடு முழுக்கப் பூனைமயிர் மாதிரி நார் நிற்கும். பெரும்பாலான இடத்தில் அப்படித்தான் வந்தது. பசையில் தண்ணி ஜாஸ்தி என்பது பொய் என்று அதிலேயே தெரிந்தது. ஆனால் ஒரு மூலைக்குப் பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்குத் தாள் வழவழவென்று உரிந்து வந்தது. நார் கிழியவில்லை. பசை பளபளவென்று அலைமேலேயே காய்ந்திருந்தது. மடிப்பும் சரியாக அங்கேதான் விழுந்திருந்தது.

அதைக் காட்டலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். காட்டினேன்.

அம்மா விரலால் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "கரண்டு போன அன்னிக்கு ஒட்டுனது. பசை ஏறுன ஷீட்டு பத்து இருபது அப்படியே கெடந்துச்சி. ஓரம் காஞ்சிடுச்சி. தூக்கிப் போடச் சொல்லுவாங்களோ, துட்டு புடிப்பாங்களோன்னு ஒட்டிட்டோம்" என்றார்.

ஆக, நான் கண்டது இதுதான். எட்டு உயரமும் ஈரமும் சேர்ந்து நாற்பது அடுக்கையும் விளிம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தின. அதில் எது முதலில் விழும் என்பதை அந்த நாலு விரல் அகலம் முடிவு செய்தது. ஐந்து உயரமாக, காய்ந்த குடோனில் இருந்திருந்தால் அதே பெட்டி வருஷக்கணக்கில் நின்றிருக்கும் என்றுதான் என் கணக்கு சொல்கிறது. மூன்று பெண்கள் மட்டும் 2700 ரூபாய் கட்ட வேண்டிய தப்பு இது இல்லை.

எல்லாவற்றையும் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி லேப் ரெக்கார்டு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன், பிரிந்த இடத்தைப் படமாக வரைந்து. கரண்டு போன விஷயத்தையும் எழுது என்று அம்மாவே சொன்னார். சூப்பர்வைசர் படித்துவிட்டு, "உம் பையன் எழுதுனதா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். பிடித்த பணம் இன்னும் வரவில்லை. தாள் ரேஷன் கார்டு கவரில் இருக்கிறது.

ஆனால் இப்போதெல்லாம் நடுவில் கரண்டு போனால், பசை ஏறிய ஷீட்டின் மூலையில் பேனாவால் ஒரு இன்ட்டு மார்க் போட்டுத் தனியாக அடுக்குகிறார்களாம். தூக்கிப் போடுவதில்லை. பெட்டிக்குள்ளே பாட்டில்களுக்கு நடுவில் தடுப்பு வைக்க வெட்டிக்கொள்கிறார்கள். அங்கே அதன்மேல் பாரம் வருவதில்லை.